கொரிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பதும் அதன் பாடப்புத்தகங்களும்: ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கி இங்கே எழுதிக்கொள்கிறேன். நீங்கள் கோவையில் பொறியியல் முடித்தவர். கொரிய எழுத்துகளைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டு, செல்பேசிச் செயலியில் எட்டு மாதமாகப் படிக்கிறீர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. சியோலில் ஒரு பல்கலைக்கழக மொழிப் பள்ளியில் ஆறு மாதம் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கொரிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். யோன்செயா, சோகாங்கா, சியோல் தேசியப் பல்கலைக்கழகமா? அவர்களுடைய புத்தகங்களை இங்கேயே வாங்கிப் படித்தால் போதாதா?

நான் மூன்று பருவங்கள் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன். இப்போது கொரிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எந்தப் பள்ளி, எந்தப் புத்தகம் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் புத்தகத்தை எந்த மொழி வழியாகப் படிக்கப் போகிறீர்கள்? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பள்ளிகள்.

கொரியாவில் இந்தப் பள்ளிகளை எல்லோரும் 'ஒஹக்தாங்' என்பார்கள். யோன்செ பல்கலைக்கழகத்தினுடையது 1959-இல் தொடங்கியது. பெரிய பள்ளிகளில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு லெவலுக்குப் பத்து வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆக 200 மணி நேரம். வருடத்துக்கு நான்கு பருவங்கள்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். ஆறு லெவலும் முடிக்க ஒன்றரை வருடம் ஆகும். சியோலின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒரு பருவக் கட்டணம் 17 முதல் 19 லட்சம் வோன் வரை வரும். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அறை வாடகையும் சாப்பாடும் தனி. சியோலுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் எல்லாமே குறைவு. பணம் இறுக்கமாக இருந்தால் அவற்றைத் தயங்காமல் பாருங்கள். முதல் இரண்டு லெவலில் நீங்கள் கற்கப்போவது எங்கும் ஒன்றுதான்.

வருகைப்பதிவில் அங்கே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 80 சதவீதம் இல்லையென்றால், தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் லெவல் தேறாது. டி-4 எனும் மொழிப் படிப்பு விசாவின் நீட்டிப்பும் அதைப் பார்த்துத்தான். பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நாட்டுக்குள் நுழைந்து ஆறு மாதம் ஆன பிறகு, அனுமதி வாங்கித்தான் வேலை செய்ய முடியும். நீங்கள் போவதே ஆறு மாதத்துக்கு.

சரி, எந்தப் பள்ளி? சோகாங்கில் பேச்சுக்கு முதலிடம். புத்தகமே அப்படித்தான் அமைந்திருக்கும், இலக்கண விளக்கத்தைத் தனிக் கைப்புத்தகமாகக் கொடுத்துவிடுவார்கள். யோன்செயின் பெயர் சொல்வளத்திலும் எழுத்திலும். அதன் பழைய வரிசைப் புத்தகங்கள் அடர்த்தியானவை. புதிய வரிசையில் 'பேசுதல் - எழுதுதல்' ஒரு புத்தகம், 'கேட்டல் - படித்தல்' ஒரு புத்தகம் என்று பிரித்திருக்கிறார்கள். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் வரிசை 1ஏ-யில் தொடங்கி 6பி வரை போகும். பாடங்கள் சமன்பட்டு இருக்கும், பயிற்சி நூலும் ஒழுங்கானது. உங்கள் நோக்கம் தொழிற்சாலையில் பேசிப் பழகுவது என்பதால் சோகாங் பக்கம் சாய்வேன். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு என்று சொல்லியிருந்தால் யோன்செ என்றிருப்பேன். இதில் பெரிதாகத் தவறிவிட வழியில்லை.

இப்போது புத்தகம். இந்தப் புத்தகங்கள் எல்லாமே வகுப்பறைக்காக எழுதப்பட்டவை. ஒரு பக்கத்தில் நான்கு படமும் ஒரு காலிக் கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்புவது ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வியட்நாம் மாணவரும்தான். தனியாகப் படிப்பவருக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத் தெரியும். அதனால்தான் பலர் வாங்கி, மூன்றாம் பாடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே இருந்து படிப்பதென்றால் சியோல் தேசியப் பல்கலைக்கழக வரிசையின் 1ஏ, 1பி இரண்டையும் பயிற்சி நூலோடு வாங்குங்கள். அதற்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். அங்கே போனதும் தேர்வு வைத்து எந்த லெவல் என்று அவர்கள்தான் சொல்வார்கள், அதற்குள் பதிப்பும் மாறியிருக்கலாம். வெளிநாட்டவருக்குக் கொரிய மொழி கற்பிக்கும் செஜோங் நிறுவனத்தின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னைக்கு வந்து போக முடிந்தால் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்புகளும் உண்டு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இந்தப் புத்தகங்களில் இலக்கணக் குறிப்பு, சொற்பொருள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சில பதிப்புகளில் சீனமும் ஜப்பானியமும் இருக்கும். கொரிய தேசிய மொழி நிறுவனம் கற்பவர்களுக்காக நடத்தும் இணைய அகராதியில் வியட்நாம், தாய், இந்தோனேசிய, மங்கோலிய மொழிகளில்கூடப் பொருள் தருகிறார்கள். தமிழ் இல்லை. அதனால் நாம் இயல்பாக ஆங்கிலப் பத்தியைப் படிக்கிறோம். அங்கேதான் இடறுகிறோம். கொரிய வாக்கியத்தை ஆங்கிலக்காரருக்குப் புரியவைக்க அந்தப் புத்தகம் படும் பாட்டை நாமும் சேர்ந்து படுகிறோம். நமக்கு அது தேவையே இல்லை.

ஒரு உதாரணம். 'போதா' என்றால் பார். 'ஹே போதா' என்றால் செய்து பார். 'ஜூதா' என்றால் கொடு. 'சா ஜூதா' என்றால் வாங்கிக் கொடு. 'தூதா' என்றால் வை. 'ஹே தூதா' என்றால் செய்து வை. 'பொரிதா' என்றால் எறி; 'மொகொ பொரிதா' என்றால் தின்றுவிடு, தின்று தீர். ஆங்கிலக் குறிப்பில் இவை ஒவ்வொன்றும் தனி இலக்கணப் புள்ளி, தனிப் பாடம், ஒரு பத்தி விளக்கம். தமிழில் நீங்கள் நான்கு வயதிலேயே முடித்த பாடம் இது. 'செய்து வை' என்றால் பின்னால் தேவைப்படும் என்று முன்கூட்டியே செய்வது என்பதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டாம்.

பெயரெச்சமும் அப்படியே. படிக்கிற புத்தகம், படித்த புத்தகம், படிக்கப்போகும் புத்தகம்: 'இங்நுன் செக், இல்குன் செக், இல்குல் செக்'. வினையின் வால் மாறுகிறது, பெயர் பின்னால் வந்து உட்காருகிறது. என் வகுப்பில் இருந்த அமெரிக்க மாணவர் இதற்கு இரண்டு வாரம் போராடினார். அவர் மொழியில் எல்லாம் தலைகீழ். 'என்று சொன்னார்' என்பதற்கு வினையின் பின்னால் 'கோ' சேர்த்து 'ஹெஸ்ஸொயோ'. 'வந்தால்', 'வந்தாலும்' என்ற இரண்டுக்கும் நேரான விகுதிகள் இருக்கின்றன. 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்பதுபோல அங்கேயும் 'இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும்.

மரியாதை விகுதிகள்தான் எல்லோரும் பயப்படும் இடம். ஆங்கிலக் குறிப்பு இதை ஒரு பெரிய அட்டவணையாகப் போட்டிருக்கும். அட்டவணையை மூடிவிட்டு இதைப் பாருங்கள். நண்பனிடம் 'தாத்தா வந்துட்டாருடா' என்கிறோம். 'ஆர்' தாத்தாவுக்கு, 'டா' நண்பனுக்கு. கோவைக்காரர் ஒரு பெரியவரிடம் 'தம்பி வந்துட்டானுங்க' என்கிறார். 'ஆன்' தம்பிக்கு, 'ங்க' எதிரே நிற்கும் பெரியவருக்கு. யாரைப் பற்றிப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம் என்ற இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கிறோம். கொரிய மொழியும் இதைத்தான் செய்கிறது. வினைக்கு நடுவில் வரும் 'ஷி' என்பது நம் 'ஆர்'. கடைசியில் வரும் 'யோ' என்பது உங்கள் ஊர் 'ங்க'. 'ஓஷ்யொஸ்ஸொ' என்றால் வந்துட்டாருடா. 'ஓஷ்யொஸ்ஸொயோ' என்றால் வந்துட்டாருங்க. 'வாஸ்ஸொயோ' என்றால் வந்துட்டானுங்க. நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இதைச் சொல்லும் நாளன்று முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கோவைக்காரரான உங்களுக்கு இது இன்னும் எளிது.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கொரியர் சொல்வது 'தான்யொ ஓகெஸ்ஸும்னிதா'. போய்ட்டு வர்றேன், அவ்வளவுதான். ஒரே பிள்ளையாகப் பிறந்தவரும் 'ஊரி ஒம்மா' என்பார். நம் 'எங்க அம்மா'. ஆங்கிலக் குறிப்பு 'என் அம்மா' என்று எழுதிவிட்டு, கொரியர் ஏன் 'எங்கள்' என்கிறார்கள் என்று கீழே பண்பாட்டு விளக்கம் கொடுக்கும். 'இமோ' என்றால் அம்மாவின் சகோதரி, 'கோமோ' என்றால் அப்பாவின் சகோதரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். சித்தி, அத்தை என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால் பிறகு ஒருநாளும் குழப்பம் வராது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை 'இமோ' என்று கூப்பிடுவதும் நமக்குப் புதிதில்லை. நாம் அக்கா என்போம்.

இடையில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பம், ஐந்நூறு சொற்கள் ஒன்று, பாண்டிய இளவரசி கொரியாவுக்கு ராணியாகப் போனார் என்றெல்லாம் நிறையச் சுற்றுகிறது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய, திராவிட மொழிகளின் இலக்கணங்களை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவது, உருபு பின்னால் ஒட்டுவது போன்ற அமைப்பு ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட இருக்கிறது. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் படிப்புக்கு அமைப்பு ஒத்திருப்பதே போதும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஒலிக்கு வருவோம். இதில் பாதி வரம், பாதி சிரமம். நம் 'க' எழுத்து 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'அங்கே' என்பதில் வேறு ஒலி. எழுத்து ஒன்றுதான், நமக்கு யாரும் சொல்லாமலே வாய் மாறுகிறது. கொரிய மொழியின் சாதாரண க, த, ப-வும் இதே போலத்தான்: சொல்லின் தொடக்கத்தில் வன்மை, நடுவில் மென்மை. 'அப்பா' என்று கொரியக் குழந்தை சொல்லும்போது வரும் 'ப்ப' நம் 'ப்ப' மாதிரியேதான் காதில் விழும். அதை அவர்கள் இறுக்கமான ஒலி என்பார்கள். 'பாட்டு', 'நாக்கு' என்ற சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் இருக்கிறதே, ஐரோப்பிய மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் கொரிய உயிர் ஒன்று கிட்டத்தட்ட அதுதான். புணர்ச்சியும் பழகியது. மெய்மேல் உயிர் வந்து ஏறி 'ஹான்குக்' + 'ஒ' என்பது 'ஹான்குகொ' ஆகும். 'குக்' + 'முல்' என்பது 'குங்முல்' ஆகும். கல் + மலை கன்மலை ஆவது போல, பின்னால் வரும் மெல்லினம் முன்னால் இருப்பதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

சிரமம் எங்கே என்றால், மூச்சை ஊதிச் சொல்லும் ஒலிகளில். தீ, புல், கொம்பு: இந்த மூன்றுக்கும் கொரியச் சொற்களை நம் எழுத்தில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றே வரும். அவர்களுக்கு அவை மூன்று வேறு ஒலிகள். ஊதிச் சொல்லும் 'புல்'தான் நம் புல், அதை அப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். நிலா, முகமூடி, மகள் என்ற மூன்றும் இதேபோல ஒரு கூட்டம். சொல்வதெழுதுதலில் எனக்குப் போன மதிப்பெண்களில் பெரும்பாலானவை இங்கேதான் போயின. அடுத்தது, நாம் 'ஒ' என்று எழுதும் இடத்தில் அவர்களுக்கு இரண்டு உயிர்கள். ஒன்று உதடு குவித்தது, இன்னொன்று குவிக்காதது. நாம் 'சியோல்' என்று எழுதும் ஊர்ப்பெயரின் முதல் உயிரே குவிக்காததுதான். இந்த ஒலிகளுக்குச் செயலி உதவாது. தவறாகச் சொன்னவுடன் நிறுத்தித் திருத்தும் ஆசிரியர் வேண்டும். பல்கலைக்கழக வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தின் முதல் பலன் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலேயே ஆங்கில வழியில் இலக்கணத்தை நிறையப் படித்திருந்தேன். எழுத்துத் தேர்வு நன்றாக எழுதினேன். மூன்றாம் லெவலில் போட்டுவிட்டார்கள். ஆசிரியர் முதல் நிமிடத்திலிருந்து கொரிய மொழியில் மட்டுமே பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் காதில் வாங்கி, ஆங்கிலமாக்கி, விடையை ஆங்கிலத்தில் யோசித்து, திருப்பிப் போட்டுச் சொல்வதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். மூன்று வாரம் அப்படிப் போனது. ஒரு இரவு வீட்டுப்பாட வாக்கியங்களின் கீழே சலிப்பில் தமிழில் எழுதத் தொடங்கினேன். சொல் வரிசைகூட மாற்றத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கொரியச் சொல்லின் நேர்கீழே அதன் தமிழ்ச் சொல் வந்து நின்றது. மறுநாளிலிருந்து புத்தகத்தின் ஆங்கிலப் பத்தியைத் தாளால் மூடி வைத்தேன். காது திறந்தது அதற்குப் பிறகுதான்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுவாயோடு வரும் 'நுன்', 'கா' என்ற இரண்டு உருபுகளின் வேறுபாடு நமக்கும் கடினம். 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு 'நான்தான்' என்று சொல்லும் இடத்தில் 'கா' வரும். மற்றவர் போனார், 'அவனோ போகவில்லை' என்று பிரித்துக் காட்டும் இடத்தில் 'நுன்' வரும். இது பாதி இடங்களுக்குப் பொருந்தும், மீதி படித்துப் படித்துத்தான் வரும். எண்களும் அப்படித்தான்: கொரிய எண் ஒரு வரிசை, சீன வழி எண் ஒரு வரிசை. மணிக்கு முதலாவது, நிமிடத்துக்கு இரண்டாவது. இதற்குக் குறுக்குவழி கிடையாது.

உண்மையான மலை மூன்றாம் லெவலுக்கு மேல் வரும் சொற்கள். கொரிய அகராதியில் பாதிக்கு மேல் சீன எழுத்துகளிலிருந்து வந்த சொற்கள். முதல் இரண்டு லெவலில் உங்களோடு இருந்த சீன, தைவான், ஜப்பானிய மாணவர்கள் இங்கே உங்களைத் தாண்டிப் போவார்கள். முதல் தடவை பார்க்கும் சொல்லையும் அவர்கள் ஊகித்துவிடுவார்கள். அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது. அவர்களுக்கு முன்பே தெரிந்த எழுத்துகள் அவை. நாம் வேரைப் பிடிக்க வேண்டும். அதற்கும் தமிழ் உதவுகிறது, ஏனென்றால் நாமும் நவீனச் சொற்களை இப்படித்தான் ஆக்கியிருக்கிறோம். 'தோசொக்வான்' நூலகம், 'பாங்முல்க்வான்' அருங்காட்சியகம், 'தேசாக்வான்' தூதரகம். அவர்களுடைய 'க்வான்' இங்கே நம் 'அகம்'. 'ஒனொஹக்' மொழியியல், 'சிம்னிஹக்' உளவியல், 'க்யொங்ஜெஹக்' பொருளியல். 'ஹக்' என்பது 'இயல்'. அதே 'ஹக்' முன்னாலோ பின்னாலோ வரும்போது படிப்பு: 'ஹக்க்யோ' பள்ளி, 'தெஹக்' பல்கலைக்கழகம், 'பாங்ஹக்' படிப்பை விட்டிருக்கும் காலம், அதாவது விடுமுறை. 'ஹ்வேசா' என்றால் நிறுவனம். அசையைத் திருப்பிப் போட்டு 'சாஹ்வே' என்றால் சமூகம். புத்தகத்தின் கடைசியில் சொற்பட்டியல் அகர வரிசையில் இருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்வதைவிட வேர்வாரியாக உங்கள் நோட்டில் மாற்றி எழுதுங்கள். ஒரு வேர் தெரிந்தால் அடுத்த பாடத்தில் மூன்று சொல் தானாகப் புரியும்.

உங்கள் ஆறு மாதத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம்? 1ஏ, 1பி இரண்டையும் இங்கேயே, தமிழ் வழியில் முடித்துவிட்டுப் போங்கள். இரண்டாம் லெவலில் சேர்ந்தால் இரண்டு பருவத்தில் மூன்றாம் லெவல் முடியும். டோபிக் என்பது வெளிநாட்டவருக்கான கொரிய மொழித் திறன் தேர்வு. அதன் இரண்டாம் பகுதி 300 மதிப்பெண்ணுக்கு. 120 எடுத்தால் 3-ஆம் தரம், 150 எடுத்தால் 4-ஆம் தரம். திரும்பி வரும்போது 3 கையில் இருக்கும், இங்கே இன்னும் சில மாதம் படித்தால் 4 எட்டும். வேலை கேட்டுப் போகும்போது 4 இருந்தால் நல்லது. மேற்படிப்பு எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையையும் பாருங்கள். அதில் முதல் ஒரு வருடம் மொழிப் படிப்பு அவர்கள் செலவிலேயே நடக்கும். அதற்குள் டோபிக் 3 எடுக்க வேண்டும்.

நுழைவின்போது எந்த லெவலில் போட்டாலும் முதல் வாரத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் பேசுவதில் பாதிகூடப் புரியவில்லை என்றால் முதல் சில நாட்களிலேயே அலுவலகத்தில் போய் லெவலைக் குறைத்துக் கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்ததால்தான் அந்த மூன்று வாரம் போனது. கீழ் லெவலில் உட்கார்ந்து நிறையப் பேசுவது, மேல் லெவலில் வாய் மூடி உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், இன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தின் தலையில் 'க்வான் - அகம்' என்று எழுதுங்கள், அடுத்த பக்கத்தில் 'ஹக் - இயல்'. மூன்றாவதற்கு 'சில் - அறை': 'க்யோசில்' வகுப்பறை, 'சிம்சில்' படுக்கையறை, 'ஹ்வாஜாங்சில்' கழிவறை. நான்காவது பக்கத்துக்கான வேர் உங்கள் 1ஏ புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.